பிறப்பு தெரியவில்லை

ஜூன் 3

அருமைக் கொழுந்தியாளுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், பயிற்சி மையம் நலம், உன் அக்காவும் நலம். அங்கே உன் விடுதி அறையில் மின்விசிறி சுற்றுகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீதான் எது கேட்டாலும் ‘ம்’ கொட்டும் ஊமைக்கோட்டான் ஆயிற்றே! அது சம்மத ‘ம்’மா, மறுப்பு ‘ம்’மா என்று கண்டுபிடிக்க எனக்குத் தனியாக ஓர் அகராதி வேண்டும். அதனால் எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் சொல்.

நான்கு வருடம் கண்விழித்து நான் எழுதிய ‘ஆங்கிலச் சொற்கள்: பிறப்பும் பொருளும்’ உங்கள் பதிப்பகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூன்று நோட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். அது சரிபார்ப்புக்கு உன் மேசைக்கே வந்திருப்பதாக உங்கள் ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். சிரித்துவிட்டேன். குஞ்சு கோழிக்கு நடை பழக்கப் போகிறதாம்.

நீ ஒன்றும் பயப்பட வேண்டாம். பக்கங்களைப் புரட்டு, கடைசித் தாளில் கையெழுத்துப் போடு, மேலே அனுப்பு. ஜனவரியில் மையத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா. அன்று மேடையில் புத்தகம் என் கையில் இருக்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உங்கள் அப்பாவும் குடோனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு எதைப் பற்றிப் பெருமையாகப் பேச இருக்கிறது, சொல்.

இந்த வேலைக்கு உனக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது யார் என்பதையும் நீ மறந்திருக்க மாட்டாய்.

உன் நலம் நாடும்,
அத்தான்
(முதல்வர், ஆங்கிலப் பயிற்சி மையம்)

*

ஜூன் 12

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறேன். மின்விசிறி சுற்றுகிறது. அக்கா ‘நலம்’ என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தீர்கள். அவளுடைய முதுகுவலி எப்படி இருக்கிறது?

நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. இது என் அத்தான் எழுதியது என்று பகுதித் தலைவரிடம் முதல் நாளே சொன்னேன். “அப்படியென்றால் இன்னும் உன்னிப்பாகப் பார்” என்றார். பார்க்கிறேன்.

எங்கள் மூன்றாம் மாடி அறையில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அட்டையின் இடப்பக்கம், அந்தச் சொல் எழுத்தில் முதலில் கிடைக்கும் ஆண்டு. வலப்பக்கம், அதன் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் கதை முதலில் கிடைக்கும் ஆண்டு. சொல் பிறந்து நூறு வருடம் கழித்துக் கதை பிறந்திருந்தால், கதையை நம்புவதில்லை. அவ்வளவுதான்.

முதல் நோட்டில் நூற்று இருபத்தொரு சொற்கள். ‘சர்லாய்ன்’ என்ற இறைச்சித் துண்டுக்கு, ஒரு ராஜா சாப்பிட்டுச் சொக்கிப்போய் வாளை உருவி ‘சர்’ பட்டம் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதை சொல்கிறவரைப் பொறுத்து ராஜா மாறுகிறார். இதுவரை மூன்று ராஜாக்கள் கிடைத்திருக்கிறார்கள். சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. இடுப்புக்கு மேல்பகுதி என்பதுதான் பொருள். ‘சின்சியர்’ என்பதற்கு, ஓட்டையில் மெழுகு பூசி ஏமாற்றாத சிற்பியின் கதை. அதற்கும் சான்று இல்லை. ஆடம்பரம் என்ற பொருளுள்ள ‘பாஷ்’ என்பது பணக்காரர்களின் கப்பல் டிக்கெட்டில் அச்சடித்த நான்கு எழுத்து என்கிறீர்கள். அப்படி ஒரு டிக்கெட்டை இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

நூற்று இருபத்தொன்றில் ஒன்பது தேறின. மற்றவற்றுக்குச் சான்று இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் ‘பிறப்பு தெரியவில்லை’ என்று போடலாம். அகராதிகளில் அது வழக்கம்தான்.

விண்ணப்பத்தை நான் மறக்கவில்லை. அதில் மூன்று பிழைகள் இருந்தன. வேறு தாளில் திருத்தி எழுதி அனுப்பினேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கொழுந்தியாள்

*

ஜூன் 16

அம்மா பட்டதாரிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நமக்குள் பண்பாடு என்று ஒன்று இருக்கிறது: நலமா?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாவது தரம் பரிதாபம் வந்தது. உன் பரம்பரையில் முதல் பட்டம் நீ வாங்கியது. ஒரு காகிதம் வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாம் பிழையாகத் தெரியும். புதிதாகச் சுத்தியல் வாங்கியவன் வீட்டில் ஒரு சுவரும் தப்பாது.

‘பிறப்பு தெரியவில்லை’ என்று போடவா? சரக்கு இல்லை என்று பலகை மாட்டுவதற்கு எவனாவது கடை திறப்பானா? பத்து வருடமாக இந்த மையத்தில் நிற்கிறேன். ஒரு பையன், ஒரு பெண், ‘சார், இது எப்படி வந்தது?’ என்று கேட்டு, நான் ஒருநாளாவது தெரியாது என்று சொன்னது உண்டா? கேட்டுப் பார். வாத்தியார் வாயில் வரக்கூடாத சொல் அது. கதை கேட்டால்தான் சொல் மனசில் நிற்கும். உன் ஆண்டுக்கணக்கை யார் படிப்பார்கள், கரையானா?

உனக்குப் பொருத்தமான பழைய ஆங்கிலச் சொல் ஒன்று என் முதல் நோட்டிலேயே இருக்கிறது. ‘ஸ்பின்ஸ்டர்’. கல்யாணம் ஆகாமல் காய்ந்துபோனவள். உனக்கு வந்த இரண்டு வரன்களும் என் பெயரைச் சொல்லித்தான் வந்தன. பெண் பேசவே மாட்டேன் என்கிறாளே என்று திரும்பிப் போனார்கள். பேசாதவள் எழுதுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்தே இருக்க மாட்டார்கள்.

உன் அக்காவுக்கு முதுகுவலி என்று யார் சொன்னது? தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அத்தான்

*

ஜூலை 9

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

பதில் தாமதமானது. மீதி இரண்டு நோட்டுகளையும் படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். உடல்நலத்துக்குக் குறைவில்லை.

‘ஸ்பின்ஸ்டர்’ தேறிய ஒன்பதில் ஒன்று. ஆனால் நீங்கள் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். நூல் நூற்கிறவள் என்பது அதன் முதல் பொருள். பெயருக்குப் பக்கத்தில் தொழிலைக் குறிக்கும் வழக்கத்தில் வந்தது. கல்யாணம் ஆகாதவள் என்ற பொருள் வெகுகாலம் கழித்துத்தான் வந்து ஒட்டிக்கொண்டது. தன் கையால் வேலை செய்கிறவள் என்று நீங்கள் என்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் நோட்டுகளில் நூற்றுத் தொண்ணூற்றொரு சொற்கள். எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன். எல்லாம் தேறிவிட்டன. அவை அக்காவின் கையெழுத்தில் இருக்கின்றன. அவள் உங்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு ‘கர்மட்ஜன்’ என்ற பக்கம் வந்தது. சிடுசிடுவென்று இருக்கும் கஞ்சனைக் குறிக்கும் பழைய சொல். அந்தப் பக்கத்தில் முதலில், பிரெஞ்சில் ‘கெட்ட மனசு’ என்பதிலிருந்து வந்தது என்று எழுதி, ஒரே கோட்டால் அடித்திருக்கிறது. கீழே, தானியத்தைப் பதுக்குகிறவன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதி, அதையும் அடித்திருக்கிறது. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், ‘பிறப்பு தெரியவில்லை’.

ஐந்து மாதமாக நான் இந்த மேசையில் மற்றவர்களின் கையெழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நகலெடுக்கிறவர் எழுத்துப் பிழையைத் திருத்துவார். வரி விட்டுப்போனால் இடையில் செருகுவார். தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். இந்தப் பக்கத்தை எழுதியவர் இரண்டு தரம் எண்ணத்தை மாற்றியிருக்கிறார்.

இன்னொரு பக்கம். ‘உஃட்சேயரே’. விடியும் முன் விழித்துக் கிடந்து படும் கவலை. ‘ஒரே ஒரு பழைய பாட்டில்தான் கிடைக்கிறது. பாடுகிறவள் ஒரு மனைவி. கவலை என்ன என்று பாட்டிலேயே சொல்கிறாள். இங்கே எழுதத் தேவையில்லை’ என்று முடிகிறது. இந்த நான்கு வரியும் உங்கள் நடை இல்லை, அத்தான்.

சரிபார்ப்புத் தாளில் ‘எழுதியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும் என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கொழுந்தியாள்

*

ஜூலை 12

உனக்கு,

உன் அக்கா இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை கோட் அடித்தவள். ஊருக்கே தெரியும். முதல் தடவை இருபத்தொன்பது மார்க், இரண்டாம் தடவை இருபத்தாறு. முயற்சி செய்து குறைந்தவள் அவள் ஒருத்திதான். அப்படிப்பட்டவளை, வேறு யாரும் கேட்காத நேரத்தில், ஓர் ஆங்கில ஆசிரியர் கல்யாணம் செய்துகொண்டார். அந்த ஆசிரியர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தப்பாக எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். இதற்குப் பெயர் துப்பறிவதா?

அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுது. வேறு ஏதாவது எழுதினால் மூன்று நோட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து வெந்நீர் அடுப்பில் வைப்பேன். எனக்கு நஷ்டம் இல்லை. நான் சொல்லியே பிழைப்பவன்.

உன் பகுதித் தலைவருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. நீ இன்னும் தற்காலிக ஊழியர்தான் என்பது நினைவிருக்கட்டும்.

இந்த வீட்டுப் படியை நீ இனி மிதிக்க வேண்டாம். மற்றபடி நலம்.

அத்தான்

*

ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

இதை மையத்துக்குக் கீழே இருக்கும் தையல்காரம்மாவின் பெயருக்கு அனுப்புகிறேன். உன் கையில் சேரும் என்று நம்புகிறேன். எப்படி இருக்கிறாய்? தூக்கம் குறைவு என்று அத்தான் எழுதியிருந்தார். நீ எழுதவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. இரண்டாவதும் மூன்றாவதும் நீ எழுதியவை. முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கும் பகுதித் தலைவர் உன் பக்கங்களில் நான்கைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி படித்தார். “இந்த ஆள் அவசரப்படாத ஆள்” என்றார். அவர் யாரையும் இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை. அது என் அக்கா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வழக்கம்போல வரவில்லை.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. ‘இவற்றை எழுதியது நான்’ என்று. ‘எழுதியவர்’ கட்டத்திலும் புத்தக அட்டையிலும் உன் பெயர் வரும். அந்தக் கர்மட்ஜன் சொல்லுக்கு ‘கெட்ட மனசு’ என்ற விளக்கத்தை ஒரு பழைய அகராதிக்காரருக்கு முகம் தெரியாத யாரோ கடிதத்தில் எழுதினாராம். தப்பான விளக்கம்தான். ஆனாலும் ‘முகமறியாத ஒருவர் எழுதி அனுப்பியது’ என்று அவர் தன் அகராதியிலேயே போட்டார். தப்பைச் சொன்னவருக்கே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. சரியாகச் சொன்ன உனக்கு ஏன் இல்லை?

நீ பயப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

*

செப்டம்பர் 2

சின்னவளுக்கு,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இரு.

உன் லெட்டர் வந்து ஆறு வாரம் ஆச்சு. தையல்காரம்மா அதை ரவிக்கைத் துணிக்குள்ள வெச்சுக் குடுத்தா. படிச்சதும் பதில் எழுதியிருந்தா கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதான் ஆற விட்டேன். முழுசா ஆறல.

உன்னை யாருடி கேட்டா?

ஆமா, நான்தான் எழுதினேன். மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலரை வரைக்கும் அவருக்கு மேல் மாடியில கிளாஸ். அலமாரியில பெரிய இங்கிலீஷ் அகராதி ரெண்டு பாகம் இருக்கு. அழகுக்கு வெச்சது. பத்து வருஷத்துல ஒருத்தரும் தொறந்ததில்ல, பக்கமெல்லாம் ஒட்டியிருந்துச்சு. நான்தான் ஒவ்வொண்ணா பிரிச்சேன். பரீட்சையில மூணு மணி நேரத்துல எல்லாத்தையும் எழுதுன்னா எனக்கு வராது. ஒரு சொல்லை மூணு நாள் வெச்சுப் பாருன்னா வரும். அப்படி ஒரு பரீட்சையை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வெக்கல. அவ்வளவுதான் விஷயம்.

அவர் மொத நோட்டை எழுதி முடிச்சதும் அலுத்துப்போய், “நீ மீதியை ஏதாவது பார்த்து எழுது, நான் அப்புறம் கதை சேர்த்துக்கறேன்”னார். எழுதினேன். அவர் அதைத் தொறக்கவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் தொறக்கல.

எனக்குப் பேர் வேணும்னு உனக்கு யார் சொன்னது? நான் எழுதினது அச்சுல வரணும். நான் போட்ட கமாவோட வரணும். மேல யார் பேர் இருந்தா என்ன, உள்ள இருக்கறது நான்னு எனக்குத் தெரியும். நீ பேர் பேர்னு குதிச்சா அவர் நோட்டைத் திருப்பி வாங்கி எரிச்சுடுவார். சொன்னா செய்வார். நாலு வருஷ மத்தியானம், அப்படியே சாம்பல். உனக்கென்ன, நியாயம் ஜெயிச்சுதுன்னு அங்க உக்காந்து அட்டை எழுதுவே.

“நான் பார்த்துக்கறேன்”னு எழுதியிருக்கே. எப்படி? ரெண்டாவது தடவை நான் ஃபெயில் ஆனப்போ கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்களே, அப்ப பார்த்துக்கிட்ட மாதிரியா? நீ மூலையில நின்னு பாத்திரத்தைத் தொடைச்சுக்கிட்டு இருந்தே. காஞ்ச பாத்திரத்தை. நான் பார்த்தேன். பேச வேண்டிய இடத்துல வாயில பூட்டு, பேசாதேன்னா பக்கம் பக்கமா எழுத்து.

கையெழுத்தைப் போடு. புத்தகம் வரட்டும்.

அக்கா

*

செப்டம்பர் 10

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரிபார்ப்புத் தாளில் கையெழுத்திட்டுவிட்டேன். ‘எழுதியவர்’ கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதல் நோட்டில் சான்று இல்லாத நூற்றுப் பன்னிரண்டு சொற்களை நீக்கியிருக்கிறேன். இதில் யாருக்காகவும் நான் மாற மாட்டேன். வேலையிலிருந்து எடுத்தாலும் சரி. மீதி இருநூறு சொற்கள் அச்சுக்குப் போகின்றன. அவற்றில் ஓர் எழுத்தையும் யாரும் மாற்ற மாட்டார்கள்.

நூலாசிரியர் என்ற முறையில் இறுதி அச்சுப்படியை நீங்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இந்த மாதக் கடைசியில் அனுப்புவார்கள். இதைக் கட்டாயம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சரிபார்ப்பாளர்

*

செப்டம்பர் 17

கொழுந்தியாளுக்கு,

அடங்கினாயா? நல்லது. பகுதித் தலைவருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அத்தான் பெரிய மனசுக்காரன் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

நூற்றுப் பன்னிரண்டை வெட்டினாயாம். வெட்டிக்கொள். உன் கை அரிப்புக்கு ஏதாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? பக்கம் குறைந்தால் தாளைத் தடிமனாகப் போடச் சொல். அட்டை கெட்டியாக இருக்கட்டும். பின் அட்டையில் என் புகைப்படம், கோட் போட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன்.

அச்சுப்படி பார்க்க எனக்கு எங்கே நேரம்? விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நான் எழுதியதை நானே படிக்க வேண்டுமா? உன் அக்கா பார்ப்பாள். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே.

விழாவுக்கு நீ வர வேண்டியதில்லை. வந்தாலும் ‘ம்’ என்பாய்.

அத்தான்

*

டிசம்பர் 18

அக்காவுக்கு,

தையல்காரம்மா கையில் இந்தப் பொட்டலம் சேர்ந்ததும் பிரித்துப் பார். முதல் பிரதி. அச்சகத்திலிருந்து வந்தவுடன் கட்டைப் பிரித்து எடுத்தேன். இன்னும் மை வாசம் இருக்கிறது.

உன் கமாக்கள் எல்லாம் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்.

நீ அனுப்பிய அச்சுப்படியில் பதினேழு பிழைகளைப் பென்சிலால் குறித்திருந்தாய். பதினாறு சரி. பதினேழாவதற்கு நானும் பகுதித் தலைவரும் ஒரு முழு மதியம் சண்டை போட்டோம். நான் சண்டை போட்டேன், சத்தமாக. அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் திருத்தமே நின்றது.

பாத்திரத்தைப் பற்றி நீ எழுதியது எனக்கும் நினைவிருக்கிறது. உண்மைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

ஜனவரி 14

துரோகிக்கு,

நலம் விசாரிப்பு உனக்கு ஒரு கேடா?

எல்லாம் நீ வைத்த கண்ணி. ‘அச்சுப்படியைக் கட்டாயம் படியுங்கள்’ என்று பவ்வியமாக எழுதினாயே, நான் படிக்க மாட்டேன் என்று தெரிந்துதானே எழுதினாய்? முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் என்னை நிற்க வைத்துவிட்டாய். பத்து வருடத்தில் நான் கட்டியதை ஒரு மின்கம்ப வேலைக்காரன் விரலை வைத்துப் படித்தே கவிழ்த்துவிட்டான்.

உன் அக்காவையும் கெடுத்துவிட்டாய். பசு மாதிரி இருந்தவள்.

இனி எனக்குக் கொழுந்தியாள் என்று யாரும் இல்லை. இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன்.

முதல்வர்

*

ஜனவரி 20

சின்னவளுக்கு,

சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம், விழாவுக்கு வந்திருந்தார். உன் அத்தான் உனக்கு லெட்டர் போட்டிருப்பார்னு தெரியும், என்ன போட்டிருப்பார்னும் தெரியும். நடந்ததை நான் சொல்றேன்.

மேடையில கோட் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் பேசினார். நல்லாத்தான் பேசினார். எல்லாரும் கையில புத்தகத்தோட உக்காந்திருந்தாங்க. நான் கடைசி வரிசைக்குப் பின்னால தண்ணி டம்ளர் தட்டோட நின்னேன். ‘ஃப்ளிபர்டிஜிபெட்’னு ஒரு சொல்லை எடுத்தார். ஓயாம தொணதொணக்கற ஆள்னு அர்த்தம். “ஒரு ராணிக்கு ஒரு வேலைக்காரி இருந்தா, அவ பேர்தான் இது”ன்னு ஆரம்பிச்சார். ராணிக்கு என்ன கலர் கவுன்னு வரைக்கும் போயிட்டார்.

மூணாவது வரிசையில ஒருத்தர் எந்திரிச்சார். மின்கம்பம் ஏறற வேலையாம், அவர் பொண்ணு மையத்துல படிக்குது. புத்தகத்துல விரலை வெச்சுக்கிட்டே, “சார், மன்னிக்கணும், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ்ல இருக்கறதைத்தான் படிக்கறேன். ‘பேச்சின் சத்தத்தைப் போலவே ஆக்கிய சொல்லாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை’ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ராணி இதுல எங்கேயும் இல்லையே சார்?”னார். கிண்டலுக்குக் கேக்கல. நெசமாவே சந்தேகம் அவருக்கு.

இவர் “அது சுருக்கமா போட்டது”ன்னார். உடனே இன்னொரு அம்மா, “அப்ப ‘உறுதியாகத் தெரியவில்லை’ன்னு ஏன் போட்டீங்க? தெரியுமா தெரியாதா?”ன்னாங்க. சிரிப்பு ஆரம்பிச்சுது. இவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டறார், புரட்டறார், அந்தப் பக்கம் எங்க இருக்குன்னே தெரியல அவருக்கு. மின்கம்பக்காரர் பாவம், உதவி பண்றதா நெனச்சு, “நூத்திப் பத்தாம் பக்கம் சார்”னார். மண்டபமே சிரிச்சுது. முன் வரிசையில யாரோ, “யாருப்பா எழுதினது இதை?”ன்னு கத்தினாங்க.

எனக்கு இவர் மேல பாவமா இருந்துச்சு. அப்படி ஒருத்தரைச் சுத்தி எல்லாரும் சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பேசாம நின்னுருக்கலாம். ஆனா அவங்க என் வரியைப் பார்த்து சிரிக்கறாங்க. சரியா எழுதின வரி. அதைத் தப்புன்னு நெனச்சு சிரிக்கறாங்க.

தட்டைக் கீழ வெச்சேன். “நான்”னேன்.

பேர் வேணாம்னு உனக்கு எழுதினவ நான்தான். அது பொய்யின்னு அந்த நிமிஷந்தான் எனக்கே தெரிஞ்சுது. ரொம்ப வேணும்போல இருந்துச்சு.

அப்பா எந்திரிச்சு என்னையே பார்த்தார். போறப்ப, “அந்த நூத்திப் பத்தாம் பக்கத்தை எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டு”ன்னார். படிச்சுக் காட்டினேன்.

வீட்டுல இவர் என்கூடப் பேசறதில்ல. பன்னெண்டு நாளாச்சு. சாப்பாடு வெச்சா சாப்பிடறார். வீடு இவ்வளவு நிசப்தமா இருந்து நான் பார்த்ததில்ல. நல்லாவே இருக்கு. நேத்து மையத்துப் பிள்ளைங்க ரெண்டு பேர் சமையக்கட்டு ஜன்னல்ல வந்து நின்னு ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாங்க. தெரியாது, பார்த்துச் சொல்றேன்னேன். அவங்க சரிக்கான்னு போயிட்டாங்க. வானம் ஒண்ணும் இடியல. இவர் மாடிப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார்.

உன் மேல கோபம் போயிடுச்சுன்னு நெனைக்காதே. போகல. ஆறு வாரம் நான் தூங்காம கெடந்தது உன்னாலதான்.

நீ வெட்டின நூத்திப் பன்னெண்டையும் எனக்கு அனுப்பு. கதைதான் தப்பு. சொல்லு என்ன பாவம் பண்ணுச்சு? ஒவ்வொண்ணா பார்க்கணும். நாள் ஆகும், அவசரப்படுத்தாதே. அந்த ‘எழுதியவர்’ கட்டத்துல எழுத வேண்டியதை இந்தத் தடவை நானே எழுதி அனுப்புவேன்.

அக்கா